‘ஷல்’ என்னும் சொல்: இலக்கணமும் சட்டமும்

2006 சட்டமன்றத் தேர்தல் வரை ராஜபாளையம் தனித்தொகுதி; திருவில்லிபுத்தூர் பொதுத்தொகுதி. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைக்குப் பின், 2011 தேர்தலில் இந்நிலை தலைகீழானது. எந்தத் தொகுதி ஒதுக்கப்படுகிறது என்பது மாறலாம். ஒதுக்கீடே இல்லை என்று ஒரு மாநில அரசு முடிவெடுக்க இயலாது. தமிழகத்தின் 234 தொகுதிகளில் 44 இன்று பட்டியல் சாதியினருக்குரியவை. அரசமைப்புச் சட்டத்தின் 332ஆம் உறுப்பில் உள்ள ‘ஷல்’ என்ற ஆங்கிலத் துணைவினையே இந்தக் கட்டாயத்தை உண்டாக்குகிறது.

பழைய ஆங்கில இலக்கண நூல்களின்படி, இச்சொல் தன்மையில் வந்தால் எதிர்காலத்தையும், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் கட்டளையையோ உறுதியையோ குறிக்கும். சட்டம் படர்க்கையில் பேசுவது. ஆயினும் சட்டத்தில் வரும் ஒவ்வொரு ‘ஷல்’லும் கட்டளை அன்று. தமிழாக்கிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: ஓரிடத்தில் அது ‘வேண்டும்’, மற்றோரிடத்தில் ‘ஆகும்’, பிறிதோரிடத்தில் ‘தடையாகாது’.

வேண்டும்: 332ஆம் உறுப்பின்படி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். ஊராட்சித் தலைவர் பதவிகளுக்கு 243டி உறுப்பும் அவ்வாறே கூறுகிறது. இது அரசின் கடமை.

ஆகும்: தீண்டாமையால் எழும் இயலாமையை ஒருவர்மீது சுமத்துவது சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றமாகும் என்கிறது 17ஆம் உறுப்பு. இங்குள்ள ‘ஷல்’ ஒரு செயலைக் குற்றமென அறிவிக்கிறது. தண்டனையின் அளவைக் கூற 1955, 1989ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தேவைப்பட்டன.

தடையாகாது: 16(4) உறுப்பு, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அரசுப் பணிகளில் இடம் ஒதுக்குவதற்கு அவ்வுறுப்பிலுள்ள எதுவும் தடையாகாது என்கிறது. ‘ஷல்’ இங்கும் உண்டு. ஆனால் அதன் எழுவாய் ‘எதுவும் இல்லை’ என்னும் பொருள்படும் சொல். எனவே அரசுக்கு அதிகாரம் கிடைக்கிறது, கட்டாயம் பிறப்பதில்லை. பதவி உயர்வில் ஒதுக்கீடு வழங்குமாறு மாநில அரசுக்கு ஆணையிட முடியாது என 2020 பிப்ரவரியில் உத்தரகாண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது இவ்வாசிப்பின் வழியில்தான். ஒரே சொல் சட்டமன்றத்தில் உரிமையாகவும், அரசுப் பணியில் ஆள்வோரின் விருப்பமாகவும் நிற்கிறது.

காவல் நிலையத்தில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலைப் பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் (2013) ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவிலுள்ள ‘ஷல்’ அதற்கு அடிப்படையானது. சில வகை வழக்குகளில் முதற்கட்ட விசாரணைக்கும் அத்தீர்ப்பு இடமளித்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு அத்தகைய விசாரணை தேவையில்லை என்று, 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு ‘ஷல்’, ‘மே’ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் சிறைத்தண்டனை உண்டு. அது ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது, ஓராண்டு வரை நீளலாம். ‘கூடாது’ என்பது நீதிபதியைக் கட்டுப்படுத்துகிறது. ‘லாம்’ அவருக்கு உரிமை தருகிறது. எனினும் நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் அக்குற்றச்சாட்டைப் பதிய முடியும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

சொல் தானே செயலாகிவிடாது. விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் 2006 வரை தனி ஊராட்சித் தலைவர் பதவி, சாதி ஆதிக்கத்தின் எதிர்ப்பால், நிலைபெறவில்லை. 243டி உறுப்பின் ‘ஷல்’ அப்போதும் சட்டத்தில் இருந்தது. தலித் இயக்கங்களின் தொடர் போராட்டமும், ஒரு கட்டத்தில் நிர்வாகம் காட்டிய உறுதியுமே 2006இல் அங்கு தேர்தலை நடத்தின.

ஆகவே மனு எழுதும்முன் மூன்றைப் பார்ப்போம்: ‘ஷல்’ எங்கே வருகிறது, அதன் எழுவாய் யார், மீறினால் விளைவு என்ன. கடமைப்பட்டவர் அதிகாரி எனில், ‘நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்’ என்று எழுதுவது உரிமையைச் சலுகையாகக் குறைத்துவிடும். ‘இன்ன பிரிவின்படி இது தங்கள் கடமை’ என்று எழுதுவதே சரி. ‘தடையாகாது’ என்னும் இடமாயின், அங்கு மனு போதாது. அரசியல் போராட்டமே வழி.