ஆறு முதல் பன்னிரண்டு வரை

'வழிகாட்டல்' என்ற சொல் நமது பள்ளிக்கூடங்களுக்குப் புதிதல்ல. 1952–53இல் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பிள்ளைகளின் நாட்டமறிந்து படிப்பையும் தொழிலையும் தேர்ந்தெடுக்க உதவும் ஆசிரியர்களைப் பள்ளிதோறும் நியமிக்கச் சொன்னது. அதே 1953இல் ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளை மூன்று மணி நேரம் படித்தால் போதும், மிச்சப் பொழுதில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர்பெற்று, கடும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. ஒன்று பிள்ளையின் மனசைக் கேட்கச் சொன்னது, மற்றது பிறப்பைக் கேட்கச் சொன்னது. இரண்டாவது தோற்றது என்றே நாம் வரலாறு எழுதிவந்திருக்கிறோம். போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலை மேல் ஏறிப் பார்த்தால் இந்த வெற்றிக் கதையாடலில் நிறைய ஓட்டைகள் தெரிகின்றன. குலத்தொழில் என்று யாரும் பெயர் சூட்டாமலே சட்டமும் பருவமும் மாநில எல்லையும் கூடி அந்த வேலையைச் செய்துவந்திருக்கின்றன.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம். தொழிலாளர் நலனுக்காக எழுதப்பட்டது, அதில் சந்தேகமில்லை. அதன் 14ஆம் பிரிவு, ஒரு தோட்டத்தில் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் முதலாளி கல்வி வசதி செய்து தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. கொஞ்சம் தள்ளி 24ஆம் பிரிவு, பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் மூடிய வயதில் தோட்டத்தின் கேட் திறந்தது. பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளை வேலை செய்ய, உடல் தகுதி உண்டு என்று மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. எட்டாங்கிளாஸ் சான்றிதழுக்கு முன்னால் இந்தச் சான்றிதழ். பதினான்கு, பதினாறு வயதில் ஒரு பிள்ளை என்ன படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் என்பது அந்தச் சட்டத்தின் கற்பனையிலேயே இல்லை.

அதிலும் ஏலத்துக்கு ஓர் ஒதுக்கம் இருந்தது. தேயிலை, காபி, ரப்பர், சின்கோனா ஆகிய நான்குதான் சட்டத்தின் மூல வாசகத்தில் இருந்தன. மற்ற தோட்டங்களுக்கு மாநில அரசு விரும்பினால் நீட்டிக்கலாம் என்று ஒரு சின்ன வாசல் மட்டும் உண்டு. ஏலம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 1981 திருத்தத்தில். 14 வயதுக்குட்பட்டோருக்கு வேலையே கூடாது என்ற தடை இந்தச் சட்டத்துக்குள் வரவோ 2010 ஆயிற்று.

ஏலம் ஒரே மூச்சில் பறித்து முடிகிற பயிர் அல்ல. காய் ஒன்றாக முற்றாது. ஆடி ஆவணியில் தொடங்கி தை வரை, மாசத்துக்கு ஒரு சுற்று என்று திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தின் காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் இந்தக் காலத்துக்குள்தான் விழுகின்றன. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகள் புறப்பட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும். அம்மா ஜீப்பில் ஏறிய வீட்டில் அடுப்பு பற்றவைப்பது, தம்பிக்குத் தலை சீவுவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் பத்தாங்கிளாஸ் படிக்கிற பொம்பளப் பிள்ளையின் தலையில். மழை நாளில் ஜீப் வர நேரமானால் அவளுக்குப் புத்தகம் ஓடாது. அந்த மலைப்பாதை விபத்துகள் அவளுக்குத் தெரியும். பள்ளியின் மொழியில் இதற்கு 'கவனச்சிதறல்' என்று பெயர். மாணவர் நலம் பற்றிய இன்றைய சொல்லாடல் இந்தப் பயத்தை அவளது மனசுக்குள் இருக்கிற கோளாறாக மாற்றித் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறது. ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்ற கேள்வி அந்த வகுப்பில் எழுவதில்லை.

1978இல் பிளஸ் டூ வந்தது. அதோடு 'குரூப்' வந்தது. நமது பள்ளிகளில் உண்மையாக நடந்த தொழில் வழிகாட்டல் இதுதான், மற்றதெல்லாம் அறிக்கைகளில் நடந்தவை. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து, கேட்பதற்கு முன்பே ஃபர்ஸ்ட் குரூப்பா, தொழிற்பிரிவா என்று பிரித்துவிடுவார்கள். 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, நல்ல காரியம். அதே ஆண்டுதான் நீட் இங்கே வந்து உட்கார்ந்ததும், அனிதாவை நாம் இழந்ததும்.

2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தைச் சும்மா கேலி செய்துவிட்டுப் போவது சரியல்ல. எந்தக் கல்லூரியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு ஒரு பட்டியலும் பெரிய உதவிதான். போடி கல்லூரி இல்லாத ஊரும் அல்ல. ஏலத்தோட்டக்காரர்கள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. 2012இல் அரசுப் பொறியியல் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் திட்டத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். தன்மை ஒருமை. தேர்வு செய்கிற 'நான்' ஒன்று ஏற்கனவே தயாராக இருக்கிறது என்ற அனுமானம். மலைச்சரிவில் அந்த 'நான்' எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதே தகராறு.

தோட்டத்து லயத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இடுக்கி மாவட்டத்தில் கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஏழோ எட்டோ முடித்ததும் பாட்டி வீட்டுக்கோ விடுதிக்கோ கீழே அனுப்புவது வழக்கம். 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் விரிந்தது. போராடிப் பெற்ற உரிமை. அதன் நிபந்தனை: தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருக்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்திலும், பிறகு பையன்களுக்கு வந்த தமிழ்ப்புதல்வனிலும் இதே ஆறு முதல் பன்னிரண்டு. அன்று வயது, இன்று வகுப்பு. ஆறாவதைச் சாந்தன்பாறையில் அரசுப் பள்ளியில், தமிழில் படித்த பிள்ளை, விதியின் வாசகப்படி வெளியே. வசதிமிக்க தனியார் பள்ளி மாணவரைத் தடுக்கப் போட்ட வேலி, ஏலக்காய் எடுக்கிறவள் மகளைத் தடுத்து நிறுத்துகிறது.

சாதிச் சான்றிதழின் கதை இன்னும் மோசம். பட்டியல் சாதித் தகுதி மாநிலத்தோடு கட்டப்பட்டது. இடம்பெயர்ந்தவர் அதைக் கூடவே எடுத்துப்போய் இன்னொரு மாநிலத்தில் சலுகை கேட்க முடியாது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே கேட்டால், 1950க்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்ததா என்பார்கள். லயத்து வீட்டில் எந்தப் பட்டாவைக் காட்டுவது? கீழே கேட்டால், குடியிருப்பு எங்கே என்பார்கள். இரண்டு தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கி முடிப்பதற்குள் கலந்தாய்வுத் தேதி போய்விடும். பிள்ளை 'ஆர்வமில்லாமல்' படிப்பை விட்டதாகப் பதிவேடு சொல்லும்.

எல்லையோரக் கேரள அரசுப் பள்ளிகளின் தமிழ்வழி ஆண்டுகளை இந்த நிபந்தனைக்குள் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்பது கற்பனாவாதமல்ல. மருத்துவத்துக்குச் சட்டத் திருத்தம் வேண்டும், மாதம் 1000 ரூபாய்க்கு அரசாணையே போதும். தோட்டத் தொழிற்சங்கங்கள் கூலியை, போனஸைப் பேசிய அளவுக்கு இதைப் பேசவில்லை, நமது கல்வி இயக்கங்களுக்கோ மலை தூரமாகிவிட்டது. இதற்குள் லயங்களில் ஆளும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இப்போது காய் எடுக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளின் ஆறாம் வகுப்பை எந்த மாநிலம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்?