பெயரும் மண்ணும்: யாழ்ப்பாணத் துடுப்பாட்ட வரலாற்றில் ஒரு பருவம்

2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16ஆம் நாள் இரவு, இலங்கைத் தீவின் தென்பகுதியில் அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ மைதானத்தில், யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய துடுப்பாட்ட அணியொன்று வெற்றிக் கிண்ணத்தை ஏந்திற்று. லங்கா பிரீமியர் லீக் எனப்படும் சுற்றுப்போட்டியின் முதற் பருவம் அன்று நிறைவெய்தியது. ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணி 20 ஓவர்களில் 6 விக்கெற்றுகளை இழந்து 188 ஓட்டங்களைப் பெற, காலி அணி 135 ஓட்டங்களையே எடுத்து 53 ஓட்டங்களால் தோற்றது. கொள்ளைநோய்க் காலமாதலின் பார்வையாளர் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. யாழ்ப்பாணம் வென்றது, ஆனால் அவ்வெற்றியை யாழ்ப்பாணத்து மண் காணவில்லை.

ஓர் அணி ஓர் ஊருக்குரியது என எதனாற் கூறுகின்றோம்? அது தாங்கும் பெயராலா? அதில் ஆடுவோர் பிறப்பாலா? அன்றி, அது ஆடும் நிலத்தாலா? அம்முதற் பருவத்தை யாழ்ப்பாணத்தின் நூற்றாண்டு கடந்த துடுப்பாட்ட மரபோடு ஒப்பவைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பருவத்தின் அமைப்பை நோக்குவோம். கொழும்பு, தம்புள்ளை, காலி, யாழ்ப்பாணம், கண்டி ஆகிய ஐந்து ஊர்களின் பெயர்களில் ஐந்து அணிகள் அமைக்கப்பட்டன. ஒவ்வோர் அணியும் ஏனைய நான்கு அணிகளோடும் இருமுறை மோதியது. இவ்வாறு 20 ஆட்டங்களும், அரையிறுதி இரண்டும், இறுதி ஒன்றுமாக 23 ஆட்டங்கள் நவம்பர் 26 முதல் மூன்று வாரங்களுள் ஒரே மைதானத்தில் நடந்தேறின. யாழ்ப்பாண அணிக்குத் திசர பெரேரா தலைமை தாங்கினார். அவிஷ்க பெர்னாண்டோவின் துடுப்பும் பாகிஸ்தானிய வீரர் சொயிப் மலிக்கின் அனுபவமும் அணிக்குத் துணைநின்றன. 17 விக்கெற்றுகளைச் சாய்த்த வனிந்து ஹசரங்க தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானார். இவர்களுள் எவரும் யாழ்ப்பாணத்தார் அல்லர். ஆயினும் யாழ்ப்பாணத்து மக்கள் இவர்களைத் தம்மவராகவே கொண்டாடினர். முப்பதாண்டுக் காலம் போர்ச் செய்திகளிலேயே அடிபட்ட ஊர்ப்பெயர் ஒன்று விளையாட்டுச் செய்தியில் முதன்முறை தலையெடுத்தபோது, அதனைத் தாங்கியவர் எவ்வூரார் என வினவ எவருக்கும் மனம் வந்திருக்குமா?

அணிக்கு யாழ்ப்பாணத்து இளைஞர் சிலரும் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பெயர் நிலைக்கப்பெற்றவர் விஜயகாந்த் வியாஸ்காந்த். சுழற்பந்து வீச்சாளரான இவர் டிசெம்பர் 4ஆம் நாள், தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய தினத்தில், கொழும்பு அணிக்கெதிராகக் களமிறங்கினார். இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூசின் விக்கெற்றே இவரது முதல் விக்கெற்றாகும். பின்னர் 2023இல் ஹாங்சோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காகவும், 2024இல் இந்திய பிரீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காகவும் இவர் ஆடினார். இப்பருவம் யாழ்ப்பாணத்துக்குப் பெயரை வழங்கியது எனின், யாழ்ப்பாணம் இப்பருவத்துக்கு வழங்கியது இவ்விளைஞரையே எனலாம். இவரை உருவாக்கிய களம் எது என்பதே அடுத்து நோக்கற்பாலது.

வியாஸ்காந்த் யாழ். மத்திய கல்லூரியின் மாணவர். 1816இல் வெஸ்லியன் மிசனரிமார் தொடக்கிய பாடசாலையே பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் காலத்தில், 1834இல், மத்திய பாடசாலை எனப் பெயர் பெற்றது. ஆறுமுக நாவலர் கற்றதும் கற்பித்ததும் இங்கேதான். இதற்கு எதிரணியாக வாய்த்தது, 1823இல் சேர்ச் மிசனைச் சேர்ந்த ஜோசப் நைற் பாதிரியார் நல்லூரில் நிறுவிப் பின்னர் சுண்டிக்குளிக்கு மாறிய பரியோவான் கல்லூரி. இவ்விரு கல்லூரிகளும் 1904ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் மோதிவரும் துடுப்பாட்டமே "வடக்கின் பெரும்போர்" என வழங்கப்படுகின்றது. ஆங்கிலேயர் தம் ஆட்சிக்கேற்ற நன்னடத்தையைப் புகட்டும் கருவியாகவே இவ்வாட்டத்தைக் கல்லூரிகளுட் புகுத்தினர். எனினும் ஒரு தலைமுறைக்குள் அது ஊரின் உடைமையாயிற்று.

பெரும்போர் சுற்றுப்போட்டியன்று, புள்ளிப்பட்டியலும் அதற்கில்லை. ஆயினும் அதற்கெனத் தனிப் பருவமொன்று உண்டு. தை மாதத்துக்குப் பின் பனி விலகி வெயில் ஏறுங் காலத்தில் பயிற்சி ஆட்டங்கள் சூடுபிடிக்கும். மார்ச் மாதத்தில், கோட்டைக்கு அண்மையிலுள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் இரு தரப்புக் கொடிகளும் எழும். மாணவர் பறையடித்து ஆர்ப்பரிப்பர். பழைய மாணவர் வெளிநாடுகளிலிருந்தும் வந்து கூடுவர். புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் "பொன் அணிகளின் போர்" முதலிய பிற ஆட்டங்களும் இக்காலத்தையொட்டியே நடைபெறும். திருவிழாக்களைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் யாழ்ப்பாணச் சமூகம் இவற்றையும் தன் நாட்காட்டியிற் சேர்த்துக்கொண்டது.

அந்த நாட்காட்டியைப் போர் குலைத்தது. மத்திய கல்லூரி நின்ற இடமே அதற்கு வினையாயிற்று. ஒருபுறம் இராணுவம் தங்கிய ஒல்லாந்தர் கோட்டை; அயலிலே 1981 யூன் முதலாந் திகதி இரவு எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த பொது நூலகம். கோட்டையைச் சூழ்ந்து நிகழ்ந்த சண்டைகளில், குறிப்பாக 1990ஆம் ஆண்டின் முற்றுகையின்போது, கல்லூரிக் கட்டடங்கள் பெருஞ் சேதமுற்றன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவிற் புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது ஆடுவோரும் இல்லை, ஆடுகளமும் இல்லை. அருகிலுள்ள துரையப்பா விளையாட்டரங்கை 1999இல் திருத்தியமைக்க முற்பட்டபோது நிலத்தடியிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணத்தில் விளையாட்டு நிலம் என்பது வெறும் புற்றரையன்று என்பதை இஃதொன்றே உணர்த்தும்.

துடுப்பாட்டமே உயிரைக் காவுகொண்ட நிகழ்ச்சியும் இம்மண்ணில் உண்டு. 1985 யூன் மாதத்திற் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அம்மாதம் 26ஆம் நாள் பரியோவான் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கத்தினராற் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவருக்கும் இராணுவத்தினருக்குமிடையே நட்புமுறைத் துடுப்பாட்டமொன்றை ஒழுங்குசெய்தமையே அதற்குக் காரணம் எனப் பேசப்பட்டது. ஒரு மைதானத்தில் யாரோடு யார் ஆடலாம் என்பதைத் துப்பாக்கி தீர்மானித்த காலம் அது. பகைவனும் பந்தெறியலாம் என்று கருதிய ஓர் ஆசிரியருக்கு அக்காலம் இடமளிக்கவில்லை. போரின் கொடுமையை வெளியிலிருந்து வந்தவாறாக மட்டும் எழுதுவது வரலாறாகாது. நம்மிடையே விளைந்ததையும் எழுதுதல் வேண்டும்.

இத்தனைக்கும் இடையிற் பெரும்போர் பிழைத்தது. 1904 முதல் 2013 வரை முதலும் முடிவும் உட்பட எண்ணின் 110 ஆண்டுகள் வரும். 2013இல் நிகழ்ந்த ஆட்டம் 107ஆவதாகும். வரிசை எண் ஆண்டுக் கணக்குக்கு மூன்றே பின்தங்கி நிற்கின்றது. குண்டுவீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் பொருளாதாரத் தடைக்கும் இடையே இம்மரபைக் காத்தவர் ஆசிரியரும் மாணவருமேயன்றி வேறெவருமல்லர்.

உலகில் வேறிடத்து நிகழ்ந்ததொன்றையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். 1895 ஓகஸ்ட் 29ஆம் நாள் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்ட் நகரிற் கூடிய றக்பிக் கழகங்கள், தலைமைச் சங்கத்தினின்றும் பிரிந்து வடக்கு ஒன்றியம் என்ற அமைப்பைத் தோற்றுவித்தன. வேலையை விட்டு ஆடவந்த தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்பதே பிணக்கு. பின்னாளில் றக்பி லீக் எனப் பெயர்பெற்ற ஆட்டம் இப்பிரிவிலேயே தோன்றியது. அதன் முதற் பருவத்தில் 22 கழகங்கள் ஆடின; ஒவ்வொன்றுக்கும் 42 ஆட்டங்கள்; அவற்றிற் பாதி தன் சொந்த மைதானத்தில். வாகைசூடிய மானிங்ஹாம் கழகம் பிராட்ஃபோர்ட் நகரின் ஆலைத்தொழிலாளர் வாழ்பகுதியைச் சேர்ந்தது. ஆலைவிட்டு வந்தவர் மாலையில் மைதானத்தில் நிற்பர். ஆடுவோனும் பார்ப்போனும் ஒரே தெருவினர். வட்டாரப் போட்டி என்பதன் இயல்பு இதுவே. அதே மானிங்ஹாம் கழகம் 1903இல் றக்பியைக் கைவிட்டுக் காற்பந்தாட்டக் கழகமாக மாறியது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆட்டம் மாறிற்று, ஊர் மாறவில்லை.

யாழ்ப்பாண அணியின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. 2020இல் ஒரே மைதானத்துள் அடங்கியமைக்குக் கொள்ளைநோய் தக்க காரணமே. அதனைக் குறைகூறல் நேர்மையாகாது. ஆயின் 2021, 2022, 2024ஆம் ஆண்டுகளிலும் ஜஃப்னா கிங்ஸ் என்னும் புதுப்பெயரோடு அவ்வணியே கிண்ணத்தை வென்றது. ஐந்து பருவங்களில் நான்கு வெற்றி. ஆட்டங்கள் கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை ஆகிய இடங்களுக்கு விரிந்தனவேயன்றி ஒன்றேனும் யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. சர்வதேசத் தரமுடைய மைதானம் அங்கில்லை என்பது விடையாயின், ஏன் இல்லை என்பது வரலாற்று வினாவாகும். மண்டைதீவில் மைதானமொன்றை அமைக்கும் பணி 2025 செப்ரெம்பர் முதலாம் நாள் தொடக்கிவைக்கப்பட்டது. அது நிறைவெய்தி, யாழ்ப்பாணத்தின் பெயர்கொண்ட அணி யாழ்ப்பாணத்தார் முன்னிலையில் ஆடும் நாளிலேயே 2020இன் பருவம் உண்மையில் முழுமை பெறும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? பெயர் ஓர் ஊருக்குப் பெருமை தரும். அதனைச் சிறிதென ஒதுக்கல் தகாது. ஆனால் பெயரை விலைகொடுத்து வாங்கலாம். இவ்வணியின் உரிமை கைமாறியபோது பெயரின் ஒரு பாதியும் மாறியது. மரபை வாங்க இயலாது. கிண்ணம் வென்ற அணியில் யாழ்ப்பாணத்தின் சொந்தப் பங்காக நின்ற இளைஞர், கோட்டையடியில் நூறாண்டுக்கு மேலாக மிதிபட்ட மைதானத்தின் பிள்ளை என்பதை மறத்தலாகாது.

சூரியவெவ ஆட்டங்கள் ஒவ்வொரு பந்தும் பதிவாகி உலகெங்கும் கிடைக்கின்றன. பெரும்போரின் பழைய ஆட்டக் கணக்குகளோ கல்லூரி மலர்களிலும், பழைய மாணவர் பேழைகளிலும், முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு எஞ்சிய ஏடுகளின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மைதானம் அமைப்பது அரசின் கடன். அம்மைதானத்துக்கு முந்திய வரலாற்றைத் தொகுப்பது பல்கலைக்கழகத்திற் பயிலும் நமது கடன். எண்பது வயதைக் கடந்த ஆட்டக்காரர் ஒருவரிடம் சென்று அவர் ஆடிய ஆட்டத்தைக் கேட்டெழுதுவதிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.