2005-க்கும் 2010-க்கும் நடுவே

ஆப்பிரிக்காவின் ஆண்டுச் சிறந்த கால்பந்து வீராங்கனை விருதுப் பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் ஒரு இடத்தில் கண் நிற்கும். 2004, 2005, பிறகு 2010, 2011. நான்கிலும் ஒரே பெயர்: நைஜீரியாவின் பெர்பெச்சுவா என்குவோச்சா. 29 வயதில் வாங்கிய விருதை 34 வயதில் திரும்ப வாங்குகிறார். கால்பந்தில் 34 என்பது பலர் ஷூவைக் கழற்றி வைத்துவிடும் வயது. சரி, நடுவுல அந்த அஞ்சு வருஷம் இவங்க எங்க இருந்தாங்க? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

ஒரு சின்ன விஷயம் முதலில். அவர் போட்ட கோல்களைப் பார்த்துவிட்டு பலரும் அவரை முன்வரிசை ஆட்டக்காரர் என்றே எழுதுகிறார்கள். ஆனால் கிளப் ஆட்டங்களில் நடுக்களமும் அவர் இடம்தான். மிட்ஃபீல்டர் என்றே பதிவாகியிருக்கும் இடங்களும் உண்டு.

2004-இல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கப் பெண்கள் சாம்பியன்ஷிப். இறுதிப் போட்டியில் நைஜீரியா கேமரூனை 5-0 என்று வென்றது. அந்த ஐந்தில் நான்கு என்குவோச்சா அடித்தது. தொடர் முழுக்க ஒன்பது கோல். அடுத்து நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கோப்பை ஜெயித்த அணி ஊருக்குக் கிளம்பவில்லை. வாக்குக் கொடுத்த போனஸ் கைக்கு வராமல் ஹோட்டலை விட்டு நகர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கண்டத்தின் சாம்பியன்கள், கழுத்தில் பதக்கம், ஹோட்டல் அறையில் தர்ணா! ஏதோ ஒருமுறை நடந்த கோளாறு என்று விட்டுவிடவும் முடியாது. 2016-இல் கோப்பையோடு திரும்பிய அணி அபுஜாவில் இதையே செய்தது, நாடாளுமன்றம் வரைக்கும் ஊர்வலம் போனது. 2019 உலகக் கோப்பையில் தோற்று வெளியேறிய பிறகு பிரான்ஸில் மறுபடியும்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அன்றைய ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கோப்பையை வெல்ல ஐந்து ஆட்டம் ஆடினால் போதும். அந்த ஐந்து ஆட்டத்துக்கான காசுக்கே இந்தப் பாடு என்றால், மீதி நாளெல்லாம் எதை வைத்து ஓட்டுவது? பெண்கள் வெளிநாடு போனதைப் பலர் 'பெரிய மேடையைத் தேடி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதச் சம்பளம், வாரம் ஒரு ஆட்டம். இந்த இரண்டையும் தேடித்தான் போனார்கள்.

அதுவும் எல்லோருக்கும் அமையவில்லை. இந்த விருதை முதன்முதலில், 2001-இல், வாங்கியவர் மெர்சி அகிடே. அவரும் நைஜீரியாதான், அவரும் நடுக்களம்தான். 2003-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் சான் டியேகோ ஸ்பிரிட் அணிக்கு ஆடினார். அதே செப்டம்பரில், உலகக் கோப்பை தொடங்க அஞ்சு நாள் இருக்கும்போது, அந்த லீக்கையே இழுத்து மூடிவிட்டார்கள்.

என்குவோச்சா போய்ச் சேர்ந்தது ஸ்வீடனின் வடக்கில். ஊர் ஸ்கெல்லெஃப்டியோ. எழுதுவது இப்படி, உள்ளூர்க்காரர்கள் வாயில் கிட்டத்தட்ட 'ஷெலெஃப்தே'. சுமார் 35,000 பேர் வசிக்கும் ஊர். டிசம்பரில் பகல் வெளிச்சம் நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். ஜூனில் ராத்திரியே சரியாக இருட்டாது. ஊரின் உயிர் ஐஸ் ஹாக்கி. அங்கே சுன்னனோ என்ற பெண்கள் கால்பந்து அணி, முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒன்று.

இதைப் படித்ததும் 'ஐயோ பாவம், மூலையில போய் விழுந்துட்டாங்களே' என்று தோன்றலாம். ஆண்கள் கால்பந்தின் வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பெண்கள் கால்பந்தின் வரைபடம் வேறு. ஸ்கெல்லெஃப்டியோவிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய ஊமியோவில்தான் 2003, 2004-இல் ஐரோப்பியக் கோப்பையை அடுத்தடுத்து வென்ற அணி இருந்தது. பிரேசிலின் மார்த்தா 2004 முதல் 2008 வரை அங்கேதான் ஆடினார். உலகின் சிறந்த வீராங்கனை வசித்த மாகாணம் அது. வடக்கே பக்கத்து ஊரான பீத்தியோவில் பின்னாளில் இன்னொரு நைஜீரியர், ஃபெய்த் இகிடி, நிலைகொண்டார். 2018-இல் அந்த அணி ஸ்வீடன் சாம்பியன் ஆனபோது அவரும் அதில் இருந்தார். நடுக்கள வீராங்கனை ரீட்டா சிக்வேலு 2010-லிருந்து பல வருடம் ஊமியோவில். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஒரு பாதையே விழுந்துவிட்டது.

ஸ்வீடன் முதல் பிரிவில் அப்போது 12 அணிகள், ஒரு பருவத்துக்கு 22 ஆட்டம். அந்த ஐந்து ஆட்டக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010-இல் என்குவோச்சா தென்னாப்பிரிக்கா திரும்பி வந்து ஐந்தே ஆட்டத்தில் 11 கோல் அடித்தார். 2008-இல் முதன்முறையாகக் கைநழுவிய கோப்பையை நைஜீரியா திரும்ப எடுத்தது. 34 வயதில் இது எப்படி என்று ஆச்சரியப்பட்டவர்கள் அவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

2011 உலகக் கோப்பை, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம், எதிரே கனடா. இரண்டு அணிகளுமே ஏற்கெனவே வெளியேறியாகிவிட்டது, அதனால் ஆட்டத்தை யாரும் பெரிதாக நினைவில் வைத்திருப்பதில்லை. இரண்டாம் பாதியில் மைதான விளக்குகளில் ஒரு பகுதி அணைந்துபோய் ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என்குவோச்சா கோல். 1-0. 1999-க்குப் பிறகு உலகக் கோப்பையில் நைஜீரியாவின் முதல் வெற்றி அது. அந்த வருட விருதும் அவருக்கே.

பிறகு அவர் ஊருக்குத் திரும்பவில்லை, பெரிய கிளப்புக்கும் போகவில்லை. ஸ்கெல்லெஃப்டியோவை ஒட்டிய கிளெமென்ஸ்னேஸ் என்ற சின்ன கிளப்பில், கீழ்ப் பிரிவு ஒன்றில், ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தார். 2015-இல் 39 வயதில் நான்காவது உலகக் கோப்பைக்குக் கனடா போனபோது வீராங்கனைகள் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருந்தது அந்தக் கிளப்பின் பெயர்தான். முதல் ஆட்டத்தில் நைஜீரியாவுக்கு எதிரணி ஸ்வீடன். 3-3 என்று சமனில் முடிந்தது. நைஜீரியாவின் கோல்களில் ஒன்றை அடித்தவர் 20 வயது அசிசாட் ஓஷோவாலா. என்குவோச்சாவின் நான்கு விருது சாதனையை 2022-இல் தாண்டியவர் அவர்.