பல்குச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு



பல் துலக்குவதில் என்ன அரசியல் இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒரு குச்சியின் நீளத்திலிருந்து தொடங்குவோம்.

பௌத்த விநயபிடகத்தில் பல்குச்சி பற்றிய பகுதி உண்டு. பல்குச்சி மெல்லாத பிக்குகளின் வாய் நாறியது. அதை மெல்வதால் வரும் ஐந்து நன்மைகளைச் சொல்லிப் புத்தர் அனுமதி தந்தார். சிலர் நீண்ட குச்சியால் இளம் துறவிகளை அடித்தபோது, எட்டு விரற்கடைக்கு மேல் கூடாது என்றார். குட்டைக் குச்சி ஒருவரின் தொண்டையில் சிக்கியபோது, நான்குக்குக் குறையக் கூடாது என்றார. அனுபவத்தில் பிறந்த இந்த விதி பிக்குகள் எல்லோருக்கும் பொது. அந்த விநயத்தை முதல் சங்கத்தில் ஓதியவராகப் பௌத்த மரபு சொல்லும் உபாலி, நாவிதராக இருந்தவர்.

பிற்காலத் தர்மசாத்திர நூல்கள் சில இதே குச்சியை வருணப்படி வெட்டின. பிராமணருக்கு நீண்டது, அடுத்தடுத்த வருணத்துக்குக் குட்டை, பெண்களுக்கு இன்னும் குட்டை. வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்ட நம்மை அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஆனால் அறிவு சாத்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பதை எழுத்தறியாத நம் பாட்டிமாரும் அறிவர். துவர்ப்பு ஈறை இறுக்கும். மென்ற நுனி பிரிந்து பல்லிடுக்கைத் துடைக்கும். பல்வலிக்கு அவர்கள் வைத்த கிராம்பின் எண்ணெய் இன்றும் பல் மருத்துவத்தில் பயன்படுகிறது.

தமிழகத்தில் சவரம் செய்த கைகளே கட்டி கீறின, பல் பிடுங்கின. அவ்வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தனர். அவர்களை மருத்துவர் என்று அழைத்த ஊர்தான் அவர்களைத் திண்ணைக்குக் கீழேயும் நிறுத்தியது. 1920இல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. முறையான பயிற்சி வந்தது நல்லதே. ஆனால் தலைமுறைகளாக அத்தொழிலைச் செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் எளிதில் திறக்கவில்லை.

மரபு என்பதற்காக எல்லாவற்றையும் நாம் போற்ற வேண்டியதில்லை. செங்கல் தூள் தேய்த்துப் பல் தேய்ந்தவர்கள் நம் வீடுகளில் உண்டு. வேலைக்களத்தில் பசி மறக்கப் புகையிலை அடக்கி வாய்ப்புற்று கண்டவர்களும் உண்டு. அது வறுமை தந்த நோய்.

சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தம் தழுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். நம் அறிவின் வரலாற்றை நாமே எழுதலாம் என்று காட்டியவர் அவர்.

அந்த வழியில் நமக்கு மூன்று வேலைகள் உண்டு. மூத்தவர்களின் மருந்தறிவை அவர்கள் பெயரோடு பதிவு செய்வோம். அதில் எது உதவும், எது கெடுக்கும் என்று சோதித்துப் பார்ப்போம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் மருத்துவர் வேண்டும் என்று கேட்போம். எல்லோருக்கும் ஒரே அளவு என்ற அந்தப் பழைய விதி, இன்று நம் கோரிக்கையாகட்டும்.