ஏன் முதல் மாசம் முழுக்க விழவே சொல்லிக் கொடுக்கிறோம்?

 

போன ஞாயிறு நம்ம ஆலய மண்டபத்துல ஜூடோ வகுப்பு முடிஞ்சதும் ஒரு தாயார் என்கிட்ட வந்தாங்க. "அண்ணே, மாசம் ஒன்னாச்சு. பிள்ளை விழுறதைத் தவிர வேற ஒன்னும் கத்துக்கல. கோயில்ல வச்சு விழச் சொல்லிக் கொடுக்கிறது நல்லாவா இருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் மெத்தை விரிக்கிற தொண்டன்தான், மாஸ்டர் இல்ல. ஆனா சின்ன வயசுல ரெண்டு வருஷம் நானும் கத்துக்கிட்டவன். அங்கேயே பதில் சொல்ல வார்த்தை வரல. அதனால இங்க எழுதுறேன்.

ஜூடோவைத் தொடங்கியவர் ஜப்பானைச் சேர்ந்த கானோ ஜிகோரோ. 1860இல் பிறந்தவர். ஆள் சின்ன உருவம். பள்ளியில பெரிய பையன்களிடம் அடி வாங்கினவர். 1877இல் ஃபுகுடா என்ற ஜுஜுட்சு ஆசானிடம் சேர்ந்தார். ஒரு நாள் ஆசான் அவரைத் தூக்கி எறிந்தார். "கையை எப்படி வைக்கணும், காலை எப்படி வைக்கணும்?"னு கானோ கேட்டார். ஆசான் "வா"ன்னு கூப்பிட்டு மறுபடியும் எறிந்தார். கேட்கக் கேட்க எறிதான் பதில். உடம்பெல்லாம் காயம், மேலெல்லாம் களிம்பு.

1882இல் கானோ சொந்தமா கோடோகன் பள்ளியைத் தொடங்கினார். எங்கே தெரியுமா? தோக்கியோவில் ஏய்ஷோஜி என்ற புத்தக் கோயில்ல! பன்னிரண்டு பாய் விரிக்கிற அளவு இடம், ஒன்பது மாணவர்கள். இவங்க விழுற அதிர்ச்சியில கோயில் தரைக் கட்டைகள் உடையுமாம். ராத்திரியில கானோவே விளக்கோட தரைக்கு அடியில ஊர்ந்து போய்ச் சரிசெய்வாராம். முன்னோர் பெயர்ப் பலகைகள் ஆடி விழுதுன்னு குருக்கள் குறைப்பட்டார். கடைசியில வேற இடம் பார்க்க வேண்டியதாச்சு. ஆக, கோயில்ல விழுந்து பழகுறது இன்னைக்கு நேற்று வந்ததில்ல.

அந்தப் பள்ளி வழியில, எறியுறதுக்கு முன்னாடி விழுறதுதான் பாடம். பேரு 'உகேமி'. உடம்பால வாங்கிக்கிறதுன்னு அர்த்தம். பின்பக்கம் விழுந்தா தாடையை நெஞ்சோட சேர்த்து, இடுப்பு பெல்ட்டைப் பார்க்கணும். அப்போ பின்மண்டை தரையில படாது. முதுகை வளைச்சு உருளணும். கையை ஊன்றக் கூடாது. ஊன்றினா முழு எடையும் மணிக்கட்டுல இறங்கும். அதுக்குப் பதிலா முழுக் கையாலும் தரையைத் தட்டணும், மூச்சை வெளியே விடணும். ஒரே இடத்துல விழ வேண்டிய அடி பரவிப் போயிடும்.

இதுல அவசரப்பட்டா என்ன ஆகும்னு ஜப்பானே கண்ணீரோட பார்த்திருக்கு. 1983 முதல் 2011 வரை அங்கே பள்ளி ஜூடோவில 100க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்திருக்காங்க. நிறைய பேருக்குத் தலைக்காயம். பலர் புதுசா சேர்ந்தவங்க, சரியா விழப் பழகாதவங்க. தலையில அடிபட்ட பிறகும் "தலைவலிதானே"ன்னு மறுபடி மெத்தையில ஏறினா இன்னும் ஆபத்து. அதனாலதான் நம்ம மாஸ்டர் அவசரப்படல. தலையில அடிபட்டா அன்னைக்குப் பயிற்சி கிடையாது. பெற்றோர்களும் வற்புறுத்தாதீங்க.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். தினம் காலையில "பார்த்து நடங்க, விழாதீங்க"ன்னு சொல்லுவேன். விழுந்துட்டா என்ன செய்யணும்னு யாருக்கும் சொன்னதில்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்ன, அபிஷேகம் முடிஞ்சு தரை கழுவும்போது பால் வழுக்கி நானே மல்லாக்க விழுந்தேன். யோசிக்க நேரமே இல்ல. முப்பது வருஷத்துக்கு முன்ன பழகின தாடை தானா நெஞ்சுல போய் ஒட்டிக்கிச்சு. இடுப்புல ஒரு வாரம் வலி, அவ்வளவுதான்.

ஆனா நமக்கு மாலை கட்டிக் கொடுத்த பாட்டி குளியலறையில விழுந்தவங்க, இடுப்பெலும்பு முறிஞ்சு, அப்புறம் ஆலயப் படி ஏறவே இல்ல. அந்த வயசுல போய் உருளப் பழக முடியாது. அவங்களுக்காக நாமதான் தரையை உலர்த்தி வைக்கணும். யாராவது விழுந்தா ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க. எங்கே வலிக்குதுன்னு முதல்ல கேளுங்க. இடுப்பு வலின்னாலோ, தலையில அடின்னாலோ அசைக்காம 999க்குக் கூப்பிடுங்க.

ஜப்பான்ல தாருமான்னு ஒரு பொம்மை உண்டு. இந்தியாவிலிருந்து போனவர்னு மரபு சொல்ற போதிதர்மர் உருவம். தள்ளிவிட்டா நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரி தானா எழுந்துக்கும். ஏழு தடவை விழு, எட்டு தடவை எழுன்னு அங்கே ஒரு பழமொழியும் இருக்கு.

அம்மா, உங்க பிள்ளை இந்த மாசம் கத்துக்கிட்டது அதைத்தான். என் வயசு வந்தாலும் அது அவன்கூடவே இருக்கும். அடுத்த ஞாயிறும் அனுப்பி வைங்க. நான் மெத்தை விரிச்சு வைக்கிறேன்.

முருகா சரணம்.