போராட்டத்தின் நடுவே ஐக்கியம்: லூத்தரின் 1520-உம் 1527-உம்

கிறிஸ்துவோடு ஐக்கியப்பட்ட விசுவாசிக்கு ஆத்துமப் போராட்டம் ஓய்ந்துவிடும், ஓயவில்லையென்றால் அந்த ஐக்கியத்திலேயே குறை இருக்கிறது என்ற போதனை நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. இது தவறு மட்டுமல்ல, பலவீனரை நசுக்குவதும்கூட. போராட்டம் தொடங்கும் முன்பே விசுவாசிக்கு அருளப்பட்டுவிட்ட நிலைதான் ஐக்கியம் என்பது என் வாதம். மார்ட்டின் லூத்தரின் எழுத்தையும் வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

1505-இல் எர்ஃபுர்ட் நகரின் அகுஸ்தீனிய மடத்தில் சேர்ந்த லூத்தரின் பாவ அறிக்கைகள் மணிக்கணக்கில் நீண்டன. சொன்ன பாவங்களைவிட, சொல்லாமல் விடுபட்டிருக்குமோ என்ற பாவங்களே அவரை வதைத்தன. தன்னைத்தானே குடைந்துகொண்டிருப்பதை விட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று வழிகாட்டினார் அகுஸ்தீனியத் துறவியர் சபையின் மேலாளர் ஸ்டௌபிட்ஸ். அந்த ஆலோசனை கனிந்ததை, கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி லூத்தர் 1520-இல் எழுதிய நூலில் காண்கிறோம். விசுவாசம் ஆத்துமாவைக் கிறிஸ்துவோடு மணப்பெண்ணாக இணைக்கிறது; அவருடைய நீதியும் ஜீவனும் அவளுக்கு, அவளுடைய பாவமும் மரணமும் அவருக்கு என்கிறார். மணவுறவைப் பற்றி இடைக்காலத் துறவி கிளேர்வோ பெர்நார்டும் நிறையவே பேசியவர். ஆனால் பெர்நார்டிடம் அது அன்பில் முதிர்ந்த ஆத்துமா ஏறிச்சேரும் உயரம். லூத்தரோ மணமகன் கைப்பிடிக்கும்போதே பெண் நெறிகெட்டவள், ஏதுமற்றவள் என்கிறார். ஏறவேண்டிய படிகளே அங்கு இல்லை.

ஏழு ஆண்டுகள் சென்றன. 1527 ஜூலை 6-ஆம் தேதி விட்டன்பர்க்கில் லூத்தர் உடலும் மனமும் சேர்ந்து நொறுங்கினார். போதகர் பூகன்ஹாகன் அவருடைய பாவ அறிக்கையைக் கேட்டார். சாவு நெருங்கிவிட்டது என்றே உடனிருந்தோர் நினைத்தனர். ஆகஸ்டில் சக ஊழியர் மெலாங்தனுக்கு எழுதிய கடிதத்தில், தான் மரணத்திலும் நரகத்திலும் கிடந்ததையும், கிறிஸ்துவையே ஏறக்குறைய முற்றிலும் இழந்து நம்பிக்கையின்மையில் அலைக்கழிந்ததையும், பரிசுத்தவான்களின் ஜெபத்தால் தேவன் இரங்கத் தொடங்கியதையும் மறைக்காமல் சொல்கிறார். அந்த ஆண்டே ஊரில் கொள்ளைநோய் பரவியது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை, அவருடைய வீடு நோயாளிகளின் இடமாயிற்று.

ஐக்கியத்தை உணர்வின் அளவுகோலால் அளந்தால், 1520-இன் நூலை 1527 பொய்யாக்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். லூத்தர் அப்படி முடிவுகட்டவில்லை. 1529-இன் பெரிய ஞானோபதேசத்தில், பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது, தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதைச் சொல்லி எதிர்த்து நிற்கக் கற்பிக்கிறார். உள்ளத்தின் வெப்பநிலை ஏறினாலும் இறங்கினாலும் ஞானஸ்நானம் நடந்தது நடந்ததே. தனக்கு வெளியே, தேவனுடைய செயலில், அவர் கால் ஊன்றினார்.

பவுலிடமும் இதே வரிசைதான். கிறிஸ்துவோடு மரித்து அடக்கம்பண்ணப்பட்டோம் என்ற அறிவிப்பு ரோமர் 6-இல் முதலில் வருகிறது; பாவம் ஆளவொட்டாதிருங்கள் என்ற கட்டளை அதன்மேல் எழுகிறது. 7-ஆம் அதிகாரத்தில் பாவத்தோடு போராடுபவனின் கதறல் மனந்திரும்புமுன் இருந்த நிலை என்று வாதிடுவோர் உண்டு. அதை ஏற்றாலும் என் வாதம் தளராது: ஆவியானவரைப் பெற்றவர்களே மாம்சத்தோடு மல்லாடுகிறார்கள் என்று கலாத்தியர் 5 வெளிப்படையாகவே சொல்கிறது.

இது பாவத்துக்குச் சலுகையாகாதா என்ற கேள்வி நியாயமானது. பவுலே அதை எழுப்பி, மரித்தவன் பாவத்தில் எப்படிப் பிழைப்பான் என்று மடக்குகிறார். ஐக்கியமே பாவத்தோடு பகையை மூட்டுகிறது. கிறிஸ்துவுக்குப் புறம்பே இருந்தபோது மனிதன் பாவத்தோடு சமாதானமாகவே இருந்தான். இந்தப் போராட்டத்தில் ஜெயம் என்பதும் கிறிஸ்துவின் ஜெயத்தில் பங்கே. திராட்சச்செடியில் நிலைத்திருக்கும் கொடிக்குத்தான் கனி.

ஆகவே போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோர்ந்து வரும் விசுவாசியிடம் எத்தனை மணிநேரம் ஜெபித்தாய், எத்தனை நாள் உபவாசித்தாய் என்று விசாரணையைத் தொடங்காதீர்கள். அவர் யாருக்குள் ஞானஸ்நானம் பெற்றார் என்பதை முதலில் நினைவூட்டுங்கள். ஜெபத்தையும் உபவாசத்தையும் அதன்பிறகு பேசலாம்.