ரன்
ஆங்கிலத்தில் மிகப் பல பொருள்களில் வழங்கும் சொற்களுள் ஒன்று. ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது; வினையாகவும் பெயராகவும் வரும். அடிப்படைப் பொருள் ஓடுதல்.

வினையாக: ஆறு பாய்தல், மூக்கு ஒழுகுதல், துணிச்சாயம் கரைந்து பரவுதல், பேருந்து தடத்தில் ஓடுதல், கடை நடத்துதல், கணினியில் நிரலை இயக்குதல். தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர் இச்சொல்லாலும் பிரித்தானியர் பெரும்பாலும் ‘ஸ்டாண்ட்’ என்றும் சொல்வர்.

பெயராக: கிரிக்கெட்டில் மட்டையாளர் இருவரும் ஓடி எதிரெதிர் முனைகளை எட்டினால் ஒரு ரன், பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஓடாமலே நான்கு. பேஸ்பாலில் மூன்று தளங்களையும் வரிசையாகத் தொட்டு மூலத்தளம் திரும்பினால் ஒன்று. வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் பணம் எடுக்க வங்கியில் திரள்வது, நாடகம் தொடர்ந்து மேடையேறும் காலம், காலுறையில் இழை அறுந்து நீளும் கோடு ஆகியவையும் ரன்தான்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குரியது. பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ வினைக்கு 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. இயந்திரங்களின் பெருக்கம் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.